கசிவு இல்லை

காக்கி புக்கிட்டில் சனிக்கிழமை நாலே முக்கால்.
ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
கான்வாஸ் கூரை போட்ட லாரி ஒன்று
ரிவர்ஸில் அலறிக்கொண்டே வந்து நின்றது.
பூமிராஜன் குதித்து இறங்கி,
"ஏசியில வெறும் காத்துதான் வருதுக்கா" என்றான்.
பின்னால் இருந்த பன்னிரண்டு பேர் இறங்கவில்லை.
இறங்கலாம் என்று யாரும் சொல்லவில்லை.

கேஜ் மாட்டினேன்.
நீலத்திலும் சிவப்பிலும் முள் சோம்பிக் கிடந்தது.
வாயு குறைவு. எங்கேயோ ஓட்டை.
ஊதா விளக்கடித்துத் தேடினால்
கண்டென்சர் கழுத்தில் பச்சையாய் மினுங்கியது
எண்ணெய்ப் பொட்டு.
உள்ளே ஒரு ரப்பர் வளையம்,
சுண்டுவிரலில்கூட ஏறாது,
வெந்து வெடித்திருந்தது.

மிச்ச வாயுவை மெஷினுக்குள் வாங்கி
வளையம் மாற்றி
வேக்குவம் போட்டேன். அரை மணி நேரம்.
குழாய்க்குள் ஒரு பொட்டு ஈரம் தங்கி
வால்வு வாயில் உறைந்தால் போதும்,
எல்லாம் நின்றுவிடும்.

இப்போது இறங்கினார்கள்.
சாக்கடை மூடிமேல் வரிசையாக உட்கார்ந்து
ஒரு பொட்டலம் கறிபஃப்பைப் பங்கு வைத்தார்கள்.
ஒருவன் ஹெல்மெட்டைத் திருப்பிப் பிடித்து
தனக்கு இரண்டு, பக்கத்தில் இருப்பவனுக்கு இரண்டு
என்று விசிறிக்கொண்டிருந்தான்.

பதினோரு வருடத் தொழிலில்
எனக்குத் தெரிந்த வேதாந்தம் ஒன்றுதான்:
குளிர் என்று ஒரு சரக்கு கிடையாது.
யாரும் அதைச் செய்வதில்லை.
இருப்பது சூடு மட்டும்.
ஓரிடத்தில் அள்ளுகிறோம், வேறிடத்தில் கொட்டுகிறோம்.
கொட்டுகிற இடத்தில் நிற்பது யார் என்று
எந்தக் கையேட்டிலும் படம் போட்டதில்லை.

நானூற்று ஐம்பது கிராம் நிரப்பி
எஞ்சினை எழுப்பினேன்.
க்ளட்ச் 'டக்' என்று கவ்வியது.

கம்ப்ரசர் வாயுவைப் போட்டு நெரிக்கிறது;
நெரிபட்டால் எதுதான் சூடாகாது?
அந்தச் சூட்டோடு முன்கிரில்லுக்கு ஓடி
கண்டென்சர் வளைவுகளில் நடந்து நடந்து
சுமந்ததையெல்லாம் தெருக்காற்றிடம் தள்ளிவிட்டுத்
திரவமாகிறது.
டிரையரில் கடைசி ஈரத்தையும் உதறிவிட்டு
வால்வின் ஊசிக்கண்ணில் நுழைந்து
அந்தப் பக்கம் விழுகிறது.
விழுந்ததும் அழுத்தம் போச்சு. கொதிக்கிறது.

ஆமாம், கொதிக்கிறது.
உலை கொதிக்கிற அதே கொதிப்பு,
தொட்டால் விரல் மரத்துப்போகிற குளிரில்.
கொதிக்க அதற்குச் சூடு வேண்டும்.
டேஷ்போர்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு
ஓட்டுகிறவன் தோளில் இருப்பதை,
கண்ணாடி வழி வந்த வெயிலை,
பிடுங்கிக்கொள்கிறது.
பறிகொடுத்த காற்றுக்கு நாம் வைத்த பெயர்தான்
ஏசிக் காற்று.

ஆறு டிகிரி.
வண்டிக்கடியில் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர்.
பூமிராஜன் பதறிக் குனிந்தான்.
"அது ஒண்ணுமில்ல தம்பி,
இந்த ஊருக் காத்து வேர்க்குது" என்றேன்.

கிரில் பக்கம் கை வைத்தேன்.
அனல்.
வண்டி ஓடும்போது இந்த அனல்
எஞ்சினை உரசி, அடிவழியே நழுவிப்
பின்னால் எழும்பும்.
பலகைமேல் பன்னிரண்டு பேர்
ஏறிக்கொண்டிருந்தார்கள்.

பில் போட்டேன்.
ரப்பர் வளையம் ஒன்று. வாயு. கூலி.
கீழே, எப்போதும் எழுதுகிற மாதிரி,
'கசிவு இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஸ்டியரிங்கில் ஏறியதும் அவன் செய்த முதல் காரியம்,
முதுகுக்குப் பின்னால் இருந்த சின்னக் கண்ணாடியை
முழுசாகத் தள்ளித் திறந்தது.
"குளிரு பூரா போயிருமே" என்றேன்.
"போகட்டும்க்கா."
முன்னால் இருந்தவன் அந்தச் சதுரத்தில்
கன்னத்தை வைத்தான்.
அடுத்தவன் அவனை முழங்கையால் இடித்தான்.

கேபின் போதுமான அளவு குளிர்ந்தால்
க்ளட்ச் பிடியை விடும். 'டக்.'
கம்ப்ரசருக்குக் கொஞ்சம் ஓய்வு.
முனைச் சிக்னலில் லாரி சிவப்புக்கு நின்றது.
ஷட்டர் சங்கிலியைப் பிடித்தபடி
காது கொடுத்துக் கேட்டேன்.

பச்சை விழும்வரை
அது பிடியை விடவில்லை.